பாவு பிணைத்தல்

தமிழ் இலக்கியம் படித்துவிட்டுக் கல்லூரியில் இலக்கணம் நடத்துகிற ஒருவன் கணினியின் உள்ளமைவுகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கணினியின் பொறியியல் எனக்குத் தெரியாது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டுரை, வினாத்தாள், ஆய்வேடு, சொற்றொகுப்பு என்று என் எழுத்து வேலை முழுவதும் அதில்தான் நடக்கிறது. அது எப்போது கைக்குப் பழகிய பேனாவாக இருக்கிறது, எப்போது அந்நியன் வீட்டு மேசையாகிவிடுகிறது என்பதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

ஒரு கணினியில் நமக்குச் சொந்தமானவை இரண்டு வகை. ஒன்று, நாம் எழுதி வைத்தவை. மற்றொன்று, எழுதுவதற்காக அக்கணினியை நாம் பழக்கி வைத்திருக்கும் விதம். எந்த விசைப்பலகை முறை, எந்த எழுத்துரு, சொல்திருத்திக்கு நாம் கற்றுக்கொடுத்த சொற்கள் எவை, தேதி எந்த முறையில் வரவேண்டும், அகரவரிசை எந்த மொழியின் முறைப்படி அமைய வேண்டும் என்பன இந்த இரண்டாம் வகை. இயங்குதளத்தின் அமைவுகள் என்று சொல்லப்படுபவை இவைதாம். முதல் வகைக்குக் காப்பு நகல் வேண்டும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டாம் வகையைச் சொத்தாகவே யாரும் கருதுவதில்லை. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செய்து வைத்தவை ஆதலால், நாம்தான் அவற்றைச் செய்தோம் என்பதே நமக்கு மறந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு இந்த மறதியால் பெரிய இழப்பு நேர்வதில்லை. இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவினாலும் அவர் மொழி அதில் இருக்கும். தமிழில் எழுதுகிறவர் நிலை அதுவன்று. நெடுங்காலம் நம் எழுத்து, கோப்பில் பாதியும் அமைவில் பாதியுமாகத்தான் வாழ்ந்திருக்கிறது. அமைவு போனால் கோப்பு இருந்தும் பயனில்லை. என்னிடமிருந்த ஒரு சொற்றொகுப்புக்கு நேர்ந்ததை வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் நெசவுக்குடிகள் நிறைந்த பகுதிகளில் பிள்ளையார்பாளையம் ஒன்று. முதுகலை முடித்த சில ஆண்டுகளில், அங்கிருந்த முதிய நெசவாளர்களிடமிருந்து தறிச் சொற்களைத் திரட்டத் தொடங்கினேன். தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும், நூலின் ஒவ்வொரு நிலைக்கும், நெய்யும்போது நேரும் ஒவ்வொரு பிசகுக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருந்தது. பல சொற்கள் அகராதிகளில் இல்லாதவை. சில, ஒரு தெருவில் ஒரு விதமாகவும் அடுத்த தெருவில் வேறு விதமாகவும் ஒலிப்பவை. நாலைந்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. அக்காலத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் புழங்கிய எழுத்துருவில் அவற்றைத் தட்டச்சு செய்து என் கணினியில் வைத்திருந்தேன்.

2009ஆம் ஆண்டு அக்கணினி நச்சுநிரலால் முடங்கியது. பழுது பார்த்த கடையில் விண்டோஸ் எக்ஸ்பியைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார்கள். ‘டி டிரைவ்ல இருக்கறது ஒண்ணும் போகலை சார், எல்லாம் பத்திரமா இருக்கு’ என்றார் அந்த இளைஞர். அவர் சொன்னது பொய்யில்லை. கோப்புகள் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த சிதறல்தான் தெரிந்தது. எழுத்துரு இயங்குதளத்தோடு சி டிரைவில் இருந்தது; அதனோடு அழிந்துவிட்டது. கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்து, ‘மீட்டு’த் தருவதாகச் சொல்லி அவற்றை எளிய உரைக் கோப்புகளாக மாற்றிச் சேமித்தும் கொடுத்தார்கள். பழைய கோப்புகளின் இடத்திலேயே புதியவை எழுதப்பட்டன.

இதில் என்ன நடந்தது என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒரு பைட்டுக்குரிய 256 இடங்களுக்குள்தான் எல்லா எழுத்துகளும் அடங்க வேண்டியிருந்தது. முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் உரியவை. எஞ்சிய 128 இடங்களில் தமிழை அவரவர் தமக்குத் தோன்றியபடி அடுக்கினார்கள்; ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழைப் பதித்த பாமினி போன்ற எழுத்துருக்களும் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டு குறியேற்ற முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. இணையத்தில் இயங்கிய தமிழர்கள் டிஸ்கி என்ற வேறொரு தரத்தை வளர்த்தனர். இவை தவிரத் தனியார் எழுத்துருக்கள் எத்தனையோ. கோப்பில் இருந்தவை வெறும் எண்கள். இந்த எண் ‘க’ என்பதா ‘ழ’ என்பதா என்று சொன்னது எழுத்துரு ஒன்றே. ஆக, எழுத்துரு அன்று அலங்காரமன்று, திறவுகோல். அது இயங்குதளத்தின் ஓர் அமைவாக, அழிக்கப்படக்கூடிய பகுதியில் கிடந்தது.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு. ஆயினும் எக்ஸ்பியில் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கே, வட்டார மொழி அமைவுகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் குறியிட்டு, இயங்குதளத்தின் குறுந்தகட்டைச் செருக வேண்டியிருந்தது. அதைச் செய்யாத கணினியில் கொம்பும் காலும் தத்தம் எழுத்தை விட்டு விலகி நின்றதை நண்பர்கள் பலர் நினைவுகூரக்கூடும். ஒரு கட்டத்தில் இட்ட ஒரு குறி. ஒரு மொழி தெரிவதும் தெரியாததும் அதில் இருந்தது.

என் தொகுப்புக்குத் திரும்புகிறேன். அந்த எழுத்துரு சில மாதம் கழித்து ஓர் அச்சகத்தில் கிடைத்தது. சொற்கள் திரும்பி வந்தன. குறியேற்ற மாற்றி ஒன்றைக் கொண்டு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினேன். அப்போதுதான் இரண்டு குறைகள் தெரிந்தன. தட்டச்சுப் பொறி வழக்கத்தில் பழகிய கைகள் ‘ர்’ என்பதற்குப் பதிலாகத் துணைக்காலின் மேல் புள்ளி வைத்துத் தட்டியிருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ‘நெசவாளர்’ என்று தேடினால் பாதி இடங்களில் நெசவாளர் இல்லை. இது பொறுமையிருந்தால் திருத்தக்கூடியது, திருத்தினேன்.

இரண்டாவது அப்படியன்று. 256 இடங்களில் 173ஆம் இடம் ஐரோப்பிய மொழிகளில் மென்கோடு என்னும் கண்ணுக்குத் தெரியாத குறிக்கு ஒதுக்கப்பட்டது. மென்பொருள்கள் பல அதை எழுத்தாகவே மதியாமல் விட்டுவிடும். அந்த எழுத்துருவை ஆக்கியவர் அவ்விடத்திலும் ஓர் எழுத்தை வைத்திருந்தார். எளிய உரையாக மாற்றியபோது அந்த எழுத்து வந்த இடமெல்லாம் வெறுமையாயிற்று. வழக்குச் சொற்களில் விடுபட்டதை ஊகிக்கலாம். அகராதியில் இல்லாத சொல்லில் எதைக் கொண்டு ஊகிப்பது? தொகுப்பின் பெரும்பகுதிக்கு அச்சுப்படி இருந்தது. அச்சுப்படி இல்லாத பகுதியில் இப்படிக் குறைபட்ட சொற்கள் நாற்பதுக்கு மேல். மீண்டும் தெருத்தெருவாகச் சென்று கேட்டு முப்பதுக்கு மேல் சரிசெய்தேன். ஒன்பது சொற்கள் எஞ்சின. அவற்றைச் சொன்ன இரு முதியவர்களும் அதற்குள் மறைந்துவிட்டிருந்தனர். அவர்கள் பிள்ளைகள் தறியில் இல்லை.

அப்படித் திரும்ப அலைந்த நாள்களில் ஒன்றில்தான் பாவு பிணைப்பதை நின்று பார்த்தேன். சேர்த்து வைத்த சொற்களுள் அதுவும் ஒன்று. செயலாக அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

தறியறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். பட்டுச் சேலையின் நீளவாட்டு இழைகள் பாவு. குறுக்கே நாடாவோடு ஓடுவது ஊடை. பாவின் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒவ்வொன்றும் தனக்குரிய விழுதின் கண்ணிலும், பின் அச்சின் பல்லிடைவெளியிலும் கோக்கப்பட்டிருக்கும். எந்த இழை எந்தக் கண்ணில் என்ற அந்த வரிசைதான் தறியின் அமைவு. ஒரு பாவில் மூன்று நான்கு சேலைகள் நெய்வார்கள். நெய்து முடித்ததும் சேலையை அறுத்து எடுக்கிறார்கள். ஆனால் பாவை முழுவதுமாக உருவி எடுத்துவிடுவதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே பழைய பாவின் கடைசி முழத்தை விட்டுவைக்கிறார்கள். புதிய பாவு வந்ததும் அதன் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு வைத்து முறுக்கிப் பிணைக்கிறார்கள். பிணைத்து முடித்து மெல்ல இழுத்தால், பழைய இழை வழிகாட்டப் புதிய இழை தன் கண்ணிலும் தன் பல்லிலும் தானே போய் அமர்ந்துவிடுகிறது.

அன்று பிணைத்துக்கொண்டிருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். விரல்நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே, பார்க்காமலே பிணைத்தார். அந்தப் பழைய துண்டு எதற்கு என்று கேட்டேன். ‘அதை அறுத்து எறிஞ்சிட்டா மொதல்லேருந்து கோக்கணும் வாத்தியாரே. நூலு புதுசா வாங்கிக்கலாம், கோத்த வரிசைய எங்க வாங்கறது?’ என்றார்.

கணினியைத் தறியோடு ஒப்பிடுவது புதிதன்று. ஜக்கார்டின் துளையட்டையிலிருந்து பாபேஜின் எந்திரத்துக்கு வரும் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். காஞ்சிபுரத்திலும் கரைக்கும் முந்திக்கும் உரிய கோலங்களை ஜக்கார்டு அட்டைகள்தாம் சுமந்தன. இப்போது மின்னணு ஜக்கார்டும் வந்திருக்கிறது. ஆனால் அட்டை காப்பது கோலத்தை. கோத்த வரிசையைக் காப்பது அந்தக் கடைசி முழப் பாவு. நம் கோப்புகள் அட்டைகளைப் போன்றவை. அவற்றைப் பத்திரப்படுத்திவிட்டுத் தறியிலிருந்து பாவை உருவி எறிந்ததுதான் 2009இல் நடந்தது.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. எங்கள் துறையின் பழைய கணினிகள் விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தகுதி இல்லாதவை. புதியவை வந்தன. இம்முறை மாற்றும் வேலையைப் பிணைத்தலாகவே செய்வது என்று முடிவெடுத்தோம். நானும் முனைவர் பட்ட மாணவர் ஒருவரும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். பிறருக்குப் பயன்படலாம் என்பதால் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் எழுத்துருக்கள். இயங்குதளத்தோடு வரும் லதா, நிர்மலா போன்றவை புதியதில் கிடைத்துவிடும் அல்லது எளிதில் சேர்த்துக்கொள்ளலாம். நாம் தனியே நிறுவியவற்றை, குறிப்பாகப் பழைய குறியேற்ற எழுத்துருக்களை, அவற்றில் எழுதப்பட்ட கோப்புகளோடு ஒரே உறையில் நகலெடுத்தோம். திறவுகோல் பூட்டின் அருகில் இருப்பது நல்லது.

அடுத்து விசைப்பலகை. 2019 மே மாதப் பதிப்பு முதல் விண்டோஸ் 10இலேயே தமிழ்99, அஞ்சல் முறைகள் உள்ளன. அதற்கு முன் எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றைத் தனியே நிறுவிப் பழகியிருந்தோம். யார் எந்த முறையில் தட்டச்சு செய்கிறார் என்பதை எழுதி வைத்தோம். இயங்குதளம் தமிழை 0449 என்ற குறியெண்ணால் அறிகிறது. அது இந்தியத் தமிழ். இலங்கைத் தமிழ் 0849. பதிவகத்தில் விசைப்பலகைக்குரிய கிளையை மட்டும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ள முடியும்.

மூன்றாவது, சொல்திருத்திக்கு நாம் சேர்த்த சொற்கள். இவை பயனர் கணக்கின் உள்ளே ஆப்டேட்டா என்ற மறைந்த உறையில் கிடக்கின்றன. ஆவணங்கள் இருக்கும் உறையை மட்டும் நகலெடுப்பவர் கண்ணில் இது படாது. எங்கள் துறையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ஊர்ப்பெயர்களும் நூற்பெயர்களும் இலக்கணக் கலைச்சொற்களும் ஒரு சிறிய கோப்பில் இருந்தன. தானியங்கித் திருத்தப் பட்டியலும் அதே பகுதியில்தான் உள்ளது. லிப்ரே ஆபிஸ் பயன்படுத்துகிறவர்கள் அதன் பயனர் உறையை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும்.

நான்காவது அகரவரிசை. ஒருங்குறியின் எண் வரிசையில் ‘ந’வை அடுத்து ‘ன’ வருகிறது. ‘ர’வை அடுத்து ‘ற’ வருகிறது. ‘வ’ என்பது ‘ழ’வுக்குப் பின் நிற்கிறது. எண் வரிசைப்படி சொற்களை அடுக்கினால் அது நம் நெடுங்கணக்கு ஆகாது. வரிசைப்படுத்தும் மொழி தமிழ் என்ற அமைவு இருந்தால்தான் அகராதி அகராதியாக அமையும். சொற்றொகுப்பு செய்பவனுக்கு இது சிறு விஷயமன்று.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு வழி இன்னும் தெளிவு. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2011இல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்து வந்ததால் நம் மாணவர் பலருக்கு அது அறிமுகம். அங்கே அமைவுகள் பெரும்பாலும் மனிதர் படிக்கக்கூடிய எளிய உரைக் கோப்புகள். பொது அமைவுகள் இ.டி.சி. என்ற அடைவிலும், அவரவர் அமைவுகள் புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு அவரவர் இல்ல அடைவிலும் இருக்கும். அவற்றை வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். விண்டோஸில் மீட்புப் புள்ளி என்றொரு வசதி 2000ஆம் ஆண்டிலிருந்து உண்டு. ஒரு மாற்றம் தவறாகிவிட்டால் அமைவுகளை முந்தைய நிலைக்குக் கொண்டுபோக அது உதவும். ஆனால் அது அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டு பழுதானாலோ அழிக்கப்பட்டாலோ அதுவும் போயிற்று. இன்னொன்று, பழைய பதிவகம் முழுவதையும் புதிய இயங்குதளத்தில் கொட்டக்கூடாது. பழையதில் இருந்த மென்பொருள்களின் தடங்களும் பழைய வன்பொருளின் குறிப்புகளும் புதியதைக் குழப்பிவிடும். தேவையானவற்றை மட்டும், ஒவ்வொன்றாக, சோதித்துச் சோதித்துக் கொண்டுவர வேண்டும். அந்த அம்மையாரும் நைந்த இழையைப் பிணைக்கவில்லை; அதைக் கிள்ளிவிட்டு நல்ல இழை ஒன்றை இட்டார்.

மீட்டது சரியாக இருக்கிறதா என்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட சோதனை எளியது. தமிழில் ஒரு பத்தியைத் தட்டிப் பார்ப்பது, பழைய கோப்பு ஒன்றைத் திறப்பது, ‘நெசவாளர்’ என்று தேடுவது, ஐம்பது சொற்களை அகரவரிசைப்படுத்துவது. நான்கும் தேறிய பிறகே பழைய கணினிகளைக் கழற்றினோம். அதற்கு முன் அவற்றை அழிக்க யாரையும் விடவில்லை.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது திருமழபாடிக் கோயில் நினைவுக்கு வந்தது. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் இறுதிக் காலத்தில் அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டான். பிரிக்கும் முன் சுவர்களிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. கல்வெட்டு என்பது பெரும்பாலும் கோயில் நடக்கும் முறை. எந்த விளக்குக்கு யார் நெய் அளக்க வேண்டும், அதற்கு எத்தனை ஆடுகள் யாரிடம் விடப்பட்டுள்ளன, எந்த நிலத்தின் விளைவு எந்த நாள் பூசைக்கு என்பவை அதில் உள்ளன. சிலையும் விமானமும் இருந்து இவை அழிந்திருந்தால் கோயில் இருந்தும் விளக்கு எரிந்திராது. புதுப்பிப்பவன் முதலில் காக்க வேண்டியது எது என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தெரிந்திருந்தது. அக்கால வழக்கில் இன்னொரு நேர்மையும் உண்டு. மீண்டும் வெட்டப்பட்டவற்றைப் பழங்கற்படி என்றே குறித்தார்கள். புதிய கல்லில் இருப்பது பழையதன் நகல் என்று படிப்பவனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

தறிச் சொற்றொகுப்பு இப்போது அச்சுக்குப் போகும் நிலையில் இருக்கிறது. அந்த ஒன்பது சொற்களை நீக்கிவிடலாம் என்று மெய்ப்புப் பார்த்த நண்பர் சொன்னார். ஏதேனும் ஓர் எழுத்தை இட்டு நிரப்பிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பிற சொற்களுக்கு நடுவே, அவற்றுக்குரிய பொருளோடு, விடுபட்ட எழுத்தின் இடத்தில் ஒரு புள்ளியிட்டு அப்படியே விட்டிருக்கிறேன். காஞ்சியிலோ ஆரணியிலோ தறிவீட்டில் வளர்ந்த யாரேனும் ஒருவர் பொருளைப் படித்துவிட்டு, ‘இதை எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வார்கள்’ என்று எழுதக்கூடும்.